ஏழு சாமான், ஒரு காலி வரி

நீதான் கெடுத்தாய். வேறு எவன் மேலும் நான் பழி போட மாட்டேன், எனக்கு ஆள் மாறாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமைக் காலை, உன் தச்சுச் சாமானையெல்லாம் சாக்குப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, உன் அக்கா அமலோற்பவம் தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல், பாலக்கரைப் பட்டறைப் படியை விட்டு இறங்கிப் போனாயே, அன்றைக்கு ஆரம்பித்த கேடு இது. வரேன் அத்தான் என்று சொன்னாயா? இல்லை, இனிமேல் வர மாட்டேன் அத்தான் என்றாவது சொன்னாயா? ஒன்றும் கிடையாது. அதனால்தான் ஐம்பத்தெட்டு வயதில் இந்தச் சிலுவை, இடித்த வீட்டுக் கதவு ஜன்னலை வாங்கி விற்கிறவன், ஒரு ஆணி அடிக்கக்கூடக் கூலிக்கு ஆள் வைக்கிறவன், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு பொன்மலைச் சந்தையில் பழைய இரும்பு வரிசையில் நின்று கிடார் செய்ய உளி தேடுகிறேன். கிடார்! எனக்கு அதன் கம்பி எத்தனை என்று போன மாதம்தான் தெரியும். நீ வரைந்து வைத்தாயே ஈட்டி மரப் பலகை, இடுப்பு ஒடுங்கி வயிறு அகன்று ஒரு பெண்பிள்ளை குப்புறப் படுத்த மாதிரி பென்சிலில் ஒரு உருவம், கோயில் பாட்டுக்குழுவுக்கு நம்ம கையாலேயே ஒண்ணு செய்யலாம் அத்தான் என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பலகை எப்படியோ விற்றுப்போனது. விற்றுப்போனது, அவ்வளவுதான். மரக்கடையில் மரம் விற்றுப்போகும். போன மாதம் உறையூரில் ஒரு வீட்டை இடிக்க எடுத்தேன், சுவரில் பதித்த அலமாரி, பின்பலகையைக் கடப்பாரையால் நெம்பினேன், பலகை பிளக்காமல் முழுசாக என் மேலேயே சாய்ந்தது, திருப்பிப் பார்த்தால் உன் கோடு. பத்தொன்பது வருஷமாகச் சுவரைப் பார்த்தபடி இருந்த கோடு, நேற்றுப் போட்ட மாதிரி, எச்சில் தொட்டு அழுத்தின இடம்கூட அப்படியே. நான் அதைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். மரம் என்றால் தட்டியதும் பேச வேண்டும். இது கொஞ்சம் பொறுத்துப் பேசியது. யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து சொல்கிற மாதிரி.

உன் அக்காவிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன். அவள் முந்தானையால் பலகையைத் துடைக்கப் போய், கோடு அழிந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. நீ அழுவாள் என்று நினைத்திருப்பாய். ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டு, "இந்த வருஷம் ஒண்ணு முடிவு பண்ணுங்க. அந்தக் கிடாரை முடிச்சு வெச்சு, அவன் வருவான்னு காத்திருக்கணும். இல்ல, கல்லறைத் திருநாள் சீட்டுல அவன் பேரை எழுதணும். ரெண்டுல ஒண்ணு. நடுவுல நிக்க என் முட்டியில வலு இல்ல" என்றாள். வருஷா வருஷம் செத்தவர்கள் பேரைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கொடுப்போமே, சாமியார் பீடத்தில் வைத்து வாசிப்பாரே, அந்தச் சீட்டுத்தான். பத்தொன்பது சீட்டில் உன் பேரை அவள் எழுதவில்லை. இந்த வருஷச் சீட்டில் மூன்று பேர் எழுதி, நாலாவது வரியைக் காலியாக விட்டு, என் சட்டைப்பையில் செருகிவிட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் ஆபீசில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். எனக்குத் துண்டுக் காகிதம் அகப்படாமல் அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே சாமான் பட்டியல் எழுதியிருக்கிறேன். ஏழு சாமான். செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் முப்பது சாமானைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு இதெல்லாம் இல்லாமல் கிடாரே செய்ய முடியாது என்கிறான். விற்கிறவன் அப்படித்தான் சொல்வான். நான் அவனிடமே பேரம் பேசினேன், வாய்விட்டு, அடுப்படியில் உன் அக்கா என்ன உளறுறீங்க என்று கேட்கிற அளவுக்கு. இது எதுக்குடா, அது எதுக்குடா, ஒரு சாமான் ரெண்டு வேலை செய்யாதா என்று அடித்து அடித்து ஏழில் கொண்டுவந்து நிறுத்தினேன். அரை அங்குல உளி. பொடிப்பல் ரம்பம். வளைவு அறுக்க வில் ரம்பம். கழுத்தைத் தேய்த்து உருட்ட மர அரம். மூலைமட்டம். ஒட்டினதைப் பிடித்து நிறுத்த நாலு கிளாம்ப், அதை ஒரு சாமானாகத்தான் கணக்கு வைத்தேன். ஏழாவதை எழுதும்போது பேனா நின்றது. உதறி எழுதினேன். இழைப்புளி.

வெயில் தலைக்கு நேராக வரப் போகிறது. துருவும் கிரீசும் காய்கிற வாசனை, பின்னால் யாரோ கருவாட்டை உதறுகிற வாசனை. ஜக்கரியா பாய் தார்ப்பாய் விரித்து ரயில்வே பட்டறையில் கழித்த ஸ்பானர், பைப் ரெஞ்சு என்று குவித்திருக்கிறார். "என்ன சிலுவை அண்ணே, கதவு விக்கிறவரு கத்தி கபடா தேடுறீங்க" என்றார். சீட்டைக் கொடுத்தேன், இருக்கிறதை எடும் என்று. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "மரியசூசை, செசிலியம்மாள், தெரேசம்மாள்" என்று நிறுத்தி வாசித்தார். "இதெல்லாம் எந்தக் கம்பெனி சாமான் அண்ணே?" பக்கத்துக் கடைக்காரன் சிரித்தான். நான் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தேன், கோபத்தில்தான். உன் அப்பா, உன் அம்மா, என் அம்மா, சந்தையில் பட்டப்பகலில் கூவிவிட்டான் மனுஷன். மூன்றோடு நிறுத்தினார். நாலாவது வரி வந்தபோது உதட்டை அசைத்த மாதிரி இருந்தது, காலி வரியை ஒருத்தன் எப்படி வாசிப்பான், வெயில், எனக்கு ரத்தக்கொதிப்பு, அவ்வளவுதான். உளிக் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். உளி பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, உங்கள் பட்டறையில் கடன்காரன் மாதிரி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் திருடிக்கொண்டதுதான். பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா, விளிம்பு நகத்தில் வைத்தால் வழுக்காமல் கவ்வுகிறதா, பிடி வெடித்திருக்கிறதா. கவ்வியது. பிடியை இறுக்கினேன். கட்டைவிரல் தானாகப் போய் ஒரு குழியில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது, ஆனால் நுனி மிச்சம். குழி என் விரலுக்கு ஒரு கணு கீழே முடிந்துவிட்டது, மேலே என் விரல்நுனி வேண்டாத சதை மாதிரி காற்றில் நின்றது. பாயிடம், "இது யார் கொடுத்தது?" என்றேன். "சாக்குல வந்துச்சு, யாரைக் கண்டோம்? புடிக்கலேன்னா வெச்சுடுங்க." பிடிக்கிறது பாய், பிடிதான் சரியாக இருக்கிறது, வேறொருத்தனுக்கு. வலது கட்டைவிரலில் முதல் கணு இல்லாதவன் திருச்சியில் நீ ஒருத்தன்தானா? பதினாறு வயதில் ரம்பம் வாங்கியது உன் விரலை மட்டுமா? எத்தனையோ தச்சன். எத்தனையோ விரல். நான் பாதி விலைக்குக் கேட்டேன், பாய் வயிற்றில் அடித்துக்கொண்டார், நான் எழுந்து நாலடி நடந்தேன், அவர் கூப்பிட்டார், வாங்கினேன். பேரம் பேசினால் உடம்புக்கு நன்றாக இருக்கிறது. பேசுகிறவரை தரை தரையாக இருக்கிறது.

வில் ரம்பம், மர அரம், கிளாம்ப், எல்லாம் ஒரு தொல்லையுமில்லாமல் கிடைத்தன. மூலைமட்டத்தைச் சோதிக்க வேண்டும், கோடு ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும், கழுத்தில் பதிக்கிற கம்பியெல்லாம் சாய்ந்து அந்தக் கிடார் சாகிறவரைக்கும் பொய்யாகவே பாடும், நீ சொன்னதுதான். காகிதத்தில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடு, மட்டத்தைக் கவிழ்த்து மறுபடி போடு, இரண்டு கோடும் ஒன்றானால் மட்டம் சரி. சீட்டை முட்டியில் விரித்துக் கோடு போட்டேன். கவிழ்த்துப் போட்டேன். ஒன்றாகத்தான் விழுந்தது, கறுப்பாக, அழுத்தமாக. பிறகு பார்த்தால் நான் போட்டது பெயர்ப் பக்கத்தில், நாலாவது வரிக்கு நேர் அடியில். பேர் எழுதுவதற்குக் கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி. கிழித்து எறிந்துவிடலாம் என்று வந்தது. எறிந்தால் பட்டியலும் போகும். பட்டியல் எதற்கு, மீதி இரண்டுதானே, ரம்பம், அப்புறம் அது. ரம்பத்தை அடுத்த கடையில் பார்த்தேன், மரப்பிடி வைத்த பொடிப்பல் ரம்பம், கண்ணுக்கு நேராகத் தூக்கி அதன் முதுகு வழியே பார்த்தால் வளைவில்லை, பல் உதிரவில்லை. பிடியைத் தொடுமுன்னே எனக்குத் தெரியும். தொட்டேன். குழி அங்கேயே. இப்போது என் கட்டைவிரல் நுனி மரத்துப் போயிருந்தது, நகத்தை அழுத்தினேன், வெள்ளையாகிறது, சிவப்பாகிறது, ஆனால் அழுத்துவது எனக்கு உறைக்கவில்லை, யாருடைய விரலையோ நான் அழுத்துகிற மாதிரி. கடைக்காரனிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான். ஒரே சாக்கு இந்தத் தெருவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்திருக்கிறது, நான் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு போகிறேன், கையில் ஒவ்வொன்றாக ஏற ஏற உன் சாக்குப்பை எடை என் தோளுக்கு வருகிறது. அன்றைக்கு அதை நீ தூக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தாய். இன்றைக்கு நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

சரி, சொல்கிறேன், நீ கேட்டுக்கொண்டு இருந்தால் கேள். பலகை விற்றுப்போகவில்லை. நான் விற்றேன். நீ தஞ்சாவூர் வேலைக்கு மூன்று நாள் போயிருந்தாய், அலமாரிக்கு ஈட்டிதான் வேண்டும் என்று கான்டிராக்டர் ஒருத்தன் வந்து நின்றான், அவன் கேட்டதும் நான் சொன்னதும் அவன் ஒத்துக்கொண்டதும் கால் மணி நேரம், என் வாழ்க்கையில் நான் பேசின பேரத்திலேயே நல்ல பேரம் அது, அந்தப் பெருமை எனக்கு ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் நீ வந்து பலகை சாய்த்திருந்த சுவரைப் பார்த்தாய். "அதுல கோடு போட்டிருந்தேனே அத்தான்" என்றாய், மெதுவாக. நான் என்ன சொன்னேன்? "கோட்டுக்குத் தனி விலையாடா?" என்றேன். பட்டறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள், நான் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன், எனக்கு நாக்கு அப்படி, நாக்கால்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். நீ சிரிக்கவில்லை. போய் உன் இழைப்புளியை எடுத்து வேறு ஏதோ கட்டையை இழைக்க ஆரம்பித்தாய், சர்ர்க், சர்ர்க், என்னைப் பார்க்காமல். அந்தச் சத்தம் என் பல்லுக்குள் போனது. எழுந்து வந்தேன். உன் கையிலிருந்து பிடுங்கினேன். தகட்டை இறுக்கிப் பிடித்திருக்கிற ஆப்புக்கட்டையைத் தட்டி உருவி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்ப இழைடா பார்ப்போம் என்றேன். உங்கள் அப்பா பட்டறையில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேன், உன் அக்காவிடம், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட. தெரியும். மாமா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். இழைப்புளியை விற்கிறவன் ஆப்புக்கட்டையைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு விற்பான், இரும்பு போகலாம், மரம் போகலாம், ஆப்பு தச்சன் கை, கை போகக் கூடாது என்பார். உயிரோடு இருக்கிறவன் ஆப்புக்கட்டையோடு இழைப்புளியைச் சந்தைக்கு விட மாட்டான். ஆப்புக்கட்டையோடு வந்தால் ஆள் செத்து, வீட்டிலிருப்பவர்கள் தெரியாமல் தூக்கிப் போட்டது. அடுத்தவன் ஆப்புக்கட்டையை அவன் கண்ணெதிரே உருவினால் என்ன அர்த்தம் என்று மாமா சொன்னதில்லை. அப்படி ஒருத்தன் செய்வான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அது இன்றைக்கும் என் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போதெல்லாம் மாறுகிறது. துவைக்கிற சட்டையிலிருந்து உன் அக்கா அதை எடுத்து, உலர்ந்த சட்டையில் திரும்பப் போட்டு வைப்பாள். பத்தொன்பது வருஷமாக இது என்ன என்று அவள் கேட்கவில்லை. தச்சன் மகள்.

அதனால்தான் ஏழாவது சாமானுக்குப் போகாமல் சுற்றுகிறேன். ஆப்புக்கட்டை இல்லாமல் கிடைத்தால் நீ எங்கேயோ இருக்கிறாய், வெறுத்துப்போய் விற்றிருக்கிறாய், நாலாவது வரி காலி. ஆப்புக்கட்டையோடு கிடைத்தால், வேண்டாம், அதைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடலாம், புது இழைப்புளி கடையில் வாங்கிக்கொள்ளலாம், பளபளவென்று, யார் விரலும் படாதது. அப்படி நினைத்துக்கொண்டே வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டேன். பவளக்கொடி அக்கா வேப்ப மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறாள், அருவாமனை, தேங்காய்த் திருகி, துருப்பிடித்த பூட்டு, நடுவில் ஒரு இழைப்புளி. மற்றதெல்லாம் தூசி. அதில் தூசி இல்லை. உட்கார்ந்தேன். இழைப்புளி வாயில் ஆப்புக்கட்டை இருந்தது. கறுத்துப்போன பழைய கட்டை இல்லை, புதுசாகச் சீவினது, வேம்போ வேங்கையோ, வெளுப்பாக, ஈரம் காயாத மாதிரி. தகட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு சுருள் சிக்கியிருந்தது. உருவினேன். ஈட்டி. மூக்கில் வைத்தேன், நேற்று இழைத்த வாசனைகூட இல்லை, இன்றைய வாசனை. பிரித்துப் பிடித்தேன், வெயில் சுருளுக்குள் சிவப்பாக நுழைந்தது, அதன் ஓரமாக ஒரு பென்சில் கோடு, வளைந்து போய் அறுந்திருந்தது. எந்தத் தச்சனும் எந்தப் பலகையிலும் கோடு போடுவான். பலகை என் ஷெட்டில் பூட்டி இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. இருக்கிறது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "யார்க்கா கொடுத்தது?" என்றேன். "காலைல கடை விரிக்கிறப்ப ஒரு ஆளு கொண்டாந்து வெச்சுச்சு தம்பி. துண்டு தலைக்கு மேல, மூஞ்சி யாரு பாத்தா? காசு குடுத்தேன், வாங்கல." "வாங்கலியா? காசு வாங்காம எவன் கொடுப்பான்?" "நானும் அதான் கேட்டேன். ஒரு ஆளு வருவாரு, பேரம் பேச மாட்டாரு, அவருக்குக் குடுன்னு சொல்லிட்டு அந்தாண்ட போயிருச்சு." விற்கிறவர்கள் விடுகிற கதை எனக்குத் தெரியாதா? இதைவிட நல்ல கதை நானே விட்டிருக்கிறேன், ஜமீன் வீட்டுக் கதவு, கல்யாண ராசி ஜன்னல் என்று. வாயைத் திறந்தேன், பாதி விலையிலிருந்து ஆரம்பிக்க. நாக்கு எழவில்லை. அவள் சொன்ன விலையை எடுத்துக் கொடுத்தேன். பவளக்கொடி அக்கா நோட்டை வாங்காமல் என்னையே பார்த்தாள். "நீயா? மரக்கடை சிலுவை தானே நீ? ஒரு வார்த்தை கேக்காம குடுக்கிற?" என்று நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பயந்துபோய்.

இப்போது வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் உன் இழைப்புளி. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. என் நிழல் எனக்குக் கீழே சுருண்டுவிட்டது, கட்டைவிரல் இருக்கிற இடத்தில் நிழல் கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது, நான் கையை அசைத்துப் பார்க்கவில்லை. ஆப்புக்கட்டையோடு வந்திருக்கிறது, அப்படியானால் நீ இல்லை. ஆனால் விற்கவில்லையே, காசு வாங்கவில்லையே, விற்கிறவனுக்குத்தானே மாமாவின் சட்டம். கொடுத்தவனுக்கு என்ன சட்டம்? செத்தவனுக்குப் புதுக்கட்டை எதற்கு? உயிரோடு இருக்கிறவன் எதற்கு முகத்தை மூடிக்கொண்டு வர வேண்டும், என் கடை எங்கே இருக்கிறது என்று தெரியாதா, உன் அக்கா ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குச் சோறு போடுவாள் என்று தெரியாதா? நல்ல வேலை பார்த்தாய். நான் உருவினதற்கு நீ ஒன்றைச் செய்து அடித்து எனக்கே அனுப்பியிருக்கிறாய், இதை நான் கழற்றினால் இரண்டாவது தடவையாக உன்னைக் கழற்றினவன் ஆவேன், கழற்றாமல் விட்டால் செத்தவன் சாமானை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவன் ஆவேன். பத்தொன்பது வருஷம் யோசித்துச் செய்த பேரம், சபாஷ், நான்கூட இப்படி ஒருத்தனை மடக்கினதில்லை. ஆனால் கேட்டுக்கொள். நாலாவது வரியில் நான் எழுத மாட்டேன். உன் அக்கா கையிலும் பேனாவைக் கொடுக்க மாட்டேன். கோடு கிழித்தாகிவிட்டது, அது கிழித்தபடியே கிடக்கட்டும். இந்தா, பழைய கட்டை, சட்டைப்பையிலிருந்து எடுத்து இதன் பக்கத்திலேயே வைத்துவிட்டேன், என் வியர்வையில் கறுத்தது, உன்னுடையது, இதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிறேன், பவளக்கொடி அக்கா சாட்சி. நான் விற்றேன். நான் உருவினேன். சொல்லிவிட்டேன். இனி உன் முறை. வீட்டுக்குப் போய் ஷெட்டைத் திறக்க எனக்குத் தைரியமில்லை, அந்தப் பலகையில் உன் கோடு இருக்கிறதா, இழைத்திருக்கிறதா என்று நான் தனியாகப் பார்க்க மாட்டேன். நீ வா. உயிரோடு இருந்தால் நடந்து வா, இல்லாவிட்டால் இன்று காலையில் எப்படி வந்தாயோ அப்படி வா, துண்டு வேண்டாம், அத்தானிடம் என்ன மறைவு? சுத்தியலை நான் தொட மாட்டேன். இந்தப் புதுக்கட்டையை உன் கையால் தட்டிக் கழற்று, பழையதை உன் கையால் அடித்து இறுக்கு, அப்புறம் அந்தச் சர்ர்க் சத்தத்தை ஒரு தடவை, என் பல் கூசினாலும் பரவாயில்லை, ஒரே ஒரு தடவை, உன் அக்கா காதில் விழுகிற மாதிரி இழை. ஐந்து மணிக்குக் கோயில் ஆபீஸ் பூட்டுகிறான். நான் இங்கேயே இருக்கிறேன். வாடா மாப்ளே, நீ கெடுத்ததை நீயே வந்து சரி பண்ணு.